மண்டையில் களிமண் இருந்தால் என்ன?



பிள்ளைகள் கணக்கில் மார்க் குறைந்து வந்தால் முதலில் என்ன சொல்கிறோம்? "மண்டையில என்ன களிமண்ணா இருக்கு?" என்கிறோம். இந்த வசவைக் கண்டுபிடித்தவர் களிமண்ணைத் தொட்டே இருக்கமாட்டார் என்பது என் கட்சி. பிடித்த பிடியை அப்படியே ஞாபகம் வைத்துக்கொள்கிற பொருள் களிமண் மாதிரி வேறு எது இருக்கிறது? விரல் ரேகை கூட அதில் பதிந்து நிற்கும். அப்படிப்பட்ட மண்டை நம் பிள்ளைக்கு இருந்தால் சந்தோஷப்பட வேண்டியதுதான்!

என்னடா இவள், பட்டாசு ஊரில் உட்கார்ந்துகொண்டு களிமண்ணுக்கு வக்காலத்து வாங்குகிறாளே என்று நினைக்கிறீர்களா? பட்டாசு ஊரில் இருப்பதால்தான் எழுதுகிறேன். நம்ம பக்கத்துப் பிள்ளைகளின் கைகளைப் பற்றித்தான் நான் பேச வந்ததே.

எங்கள் அம்மா தலைமுறையைக் கேட்டுப் பாருங்கள். எட்டு வயசு, பத்து வயசில் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கிய கைகள் அவை. விடிவதற்கு முன்னால் ஆபீஸ் வண்டி ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கும். தூக்கக் கலக்கத்தோடு பிள்ளைகள் ஏறிப் போவார்கள். எத்தனை சட்டம் அடுக்கினோமோ அத்தனைக்குத்தான் கூலி. விரல் வேகம் குறைந்தால் காசும் குறையும். சிவகாசி என்றால் உலகத்துக்குத் தெரிந்ததே அப்போது இந்தப் பிள்ளைகளால்தான்.

பிறகு 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1988-இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தில் நம்ம பகுதியில் தனிப் பள்ளிகள் வந்தன. 1996 டிசம்பர் 10-ஆம் தேதி எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டத்தை மீறி ஒரு பிள்ளையை வேலைக்கு வைத்தால் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அந்தப் பணம் அந்தப் பிள்ளையின் நலனுக்குப் போக வேண்டும் என்றது. அந்த வழக்கே சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றிய வழக்குதான். இதெல்லாம் சும்மா வந்துவிடவில்லை. எத்தனையோ பேர் போராடி, நம் பிள்ளைகளின் கைகளை அந்தக் கட்டையிலிருந்து விடுவித்தார்கள்.

நல்லது. விடுவித்த கையில் நாம் எதைக் கொடுத்தோம்? பேனாவைக் கொடுத்தோம், சந்தோஷம். அடுத்தபடியாக செல்போனைக் கொடுத்தோம். அதோடு சரி. கையால் ஒரு பொருளைச் செய்து பார்க்கிற சந்தோஷத்தை அந்தப் பிள்ளைக்குக் காட்டவே இல்லை. நம்ம ஊரில் 'கைவேலை' என்றாலே கூலி வேலை என்றுதான் அர்த்தமாகிவிட்டது. வீட்டுத் திண்ணையில் அம்மா காகிதக் குழாய் சுற்றுகிறாள், பெட்டி ஒட்டுகிறாள். மே மாதம் லீவு விட்டால் பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்து நாலு குழாய் சுற்றுகிறது. "சும்மாதானே இருக்கா, சுத்தட்டுமே மதினி" என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்களைக் குற்றம் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் திறந்தால் நோட்டு வாங்க வேண்டுமே! ஆனால் 'சும்மா இருக்கிற' பிள்ளைக்கு வேறு ஒன்றும் இல்லாததால்தான் குழாய் கைக்கு வருகிறது.

மதுரையிலும் சென்னையிலும் லீவு விட்டால் 'சம்மர் கேம்ப்' என்கிறார்கள். நீச்சல், ஓவியம், இப்போது 'கிளே ஒர்க்‌ஷாப்' என்று ஒன்று. அதாவது, களிமண்ணில் பொம்மை செய்யச் சொல்லிக் கொடுப்பது. ஒரு மணி நேரத்துக்கு நூற்றுக்கணக்கில் பணம் கட்டி அனுப்புகிறார்கள். சொல்லிக் கொடுப்பவர் 'செராமிக் ஆர்ட்டிஸ்ட்'. என் நாத்தனார் போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்பாக இருந்தது. நம்ம பக்கத்து கிராமத்தில் எழுபது வயசைத் தாண்டிய வேளார் வீட்டுப் பாட்டி கார்த்திகைக்கு அகல் விளக்கும், பங்குனிப் பொங்கலுக்கு ஆயிரங்கண் பானையும், முளைப்பாரிக்கு ஓடும் செய்து கொடுக்கிறார். அவரை யாரும் ஆர்ட்டிஸ்ட் என்று சொன்னதில்லை. "ரெண்டு ரூபா குறைச்சுக்கோ பாட்டி" என்றுதான் சொல்கிறோம்.

அப்போதுதான் எங்கள் தெருவில் ஆறேழு பேர் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தோம். போன இரண்டு கோடையும் நடத்தியாயிற்று. சனி, ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம். எங்கள் வீட்டுப் பின்வாசல் வேப்ப மரத்தடி. ஆறு வயசிலிருந்து பன்னிரண்டு வயசு வரை பதினைந்து பிள்ளைகள். வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்து, பாட்டிக்கு ஒரு நாள் கூலியாக அல்ல, 'டீச்சர் சம்பளமாக' கவரில் போட்டுக் கொடுத்தோம். கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கு இலவசம். முதல் நாள் கவரை வாங்கிய பாட்டி, "இத்தனை வருஷமா பானைக்குத்தான்யா காசு வாங்கிருக்கேன், பேசுனதுக்குக் காசு வாங்குனது இல்ல" என்றார்.

என்ன நடந்தது என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். இதைப் படித்துவிட்டு உங்கள் தெருவிலும் யாராவது ஆரம்பித்தால் உதவுமே.

முதல் நாள் பொம்மையே செய்ய விடவில்லை பாட்டி. மண்ணைத் தெரிந்துகொள்ளத்தான் முதல் நாள். நம்ம ஊர்க் கரிசலை மட்டும் எடுத்தால் காயும்போது பாளம் பாளமாக வெடித்துவிடும். கோடையில் கரிசல் காட்டில் விழும் வெடிப்பைப் பார்த்திருக்கிறோமே, அதே கதைதான். அதனால் கண்மாய் மண்ணோடு மணல் கலந்து, கல், வேர் பொறுக்கி, ஊறப்போட்டு, மிதித்துப் பிசைய வேண்டும். பதம் வந்ததா என்று பார்க்க ஒரு வழி. சுண்டு விரல் கனத்துக்கு உருட்டி, விரலைச் சுற்றி மோதிரம் மாதிரி வளைக்க வேண்டும். கீறல் விட்டால் மண் இன்னும் தயாராகவில்லை. சப்பாத்தி மாவு பிசைகிற நமக்கு இந்தக் கணக்கு புரியாதா என்ன!

இரண்டாம் நாள், ஒட்டுவது. யானைக்குத் தும்பிக்கை வைக்கிறோம் என்றால் சும்மா அழுத்தி வைத்தால் காய்ந்ததும் உதிர்ந்துவிடும். இரண்டு பக்கமும் குச்சியால் கீறி, மண்ணைக் குழம்பாகக் கரைத்துத் தடவி ஒட்ட வேண்டும். அடுத்து, உருவம் கனமாக இருக்கக் கூடாது, உள்ளே குடைந்து காற்றுப் போக ஒரு ஓட்டை வைக்க வேண்டும். நிழலில் ஒரு வாரமாவது காய வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் மேலே காயும், உள்ளே ஈரம் நிற்கும். சூளையில் வைத்ததும் அந்த ஈரம் ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல் பொம்மையை உடைத்துக்கொண்டு கிளம்பும். இதைச் சொன்னதும் ஒரு பையன், "அப்போ பொம்மையும் வெடிக்குமா பாட்டி?" என்று கண்ணை விரித்தான். பட்டாசு ஊர்ப் பிள்ளை அல்லவா! "அவசரப்பட்டா எதுவும் வெடிக்கும்ய்யா" என்றார் பாட்டி. பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னார் போலிருக்கிறது.

களிமண்ணில் எனக்குப் பிடித்த குணம் ஒன்று உண்டு. சுடுகிற வரைக்கும் எதுவும் வீணாகாது. யானை நன்றாக வரவில்லையா? தண்ணீரில் போட்டால் திரும்ப மண். மறுபடி செய்யலாம், பத்து தடவை செய்யலாம். சிவப்பு மையால் யாரும் தப்புப் போடுவதில்லை. ஆனால் சூளையில் வெந்துவிட்டால் அது மறுபடி மண்ணாகாது, எத்தனை நாள் தண்ணீரில் கிடந்தாலும் கரையாது. எப்போது மாற்றலாம், எப்போது மாற்ற முடியாது என்று ஒரு பிள்ளை கையாலேயே தெரிந்துகொள்கிறது. இதைப் புத்தகத்தில் எப்படி எழுதுவது?

ஒரு நாள் "உங்களுக்குப் பிடிச்சதைச் செய்யுங்க" என்று விட்டுவிட்டோம். பிள்ளையார், கார், கிரிக்கெட் மட்டை, செல்போன் (அதையும் மண்ணில் செய்தார்கள்!) என்று ஆளுக்கு ஒன்று. ஒரு சிறுவன் மட்டும் சின்னதாக ஒரு ரூம் கட்டினான். ஒவ்வொரு சுவரிலும் பெரிய பெரிய வாசல். சுவரை விட வாசல்தான் அதிகம். நான் போய், "என்னய்யா, வீட்டுக்கு இத்தனை வாசல் வச்சிருக்கே?" என்று கேட்டேன். அவன் தலை நிமிராமலே, "வீடு இல்ல அத்தை, எங்கம்மா வேலை பாக்குற ரூம்பு. வெடிச்சா எந்தப் பக்கமும் ஓடி வரணும்ல" என்றான்.

எனக்கு அப்படியே பேச்சு நின்றுவிட்டது. அவன் அம்மாவும் அங்கேதான் நின்றாள். அன்று ஞாயிற்றுக்கிழமை, வேலைக்குப் போகவில்லை. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டி ஆலை விபத்தில் 35-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை நம்ம பக்கத்தில் யாரால் மறக்க முடியும்? அதற்குப் பிறகும் எத்தனை விபத்துகள். அந்தப் பையன் அப்போது பிறந்தே இருக்கமாட்டான். ஆனாலும் அவன் மனசுக்குள் அந்தப் பயம் இருந்திருக்கிறது. தினமும் காலையில் அம்மா வேலைக்குக் கிளம்பும்போது இதைத்தான் நினைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறான். வாய் திறந்து ஒரு நாளும் சொன்னதில்லையாம். அவனாகச் சொல்ல முடியாததை அவன் கை சொல்லிவிட்டது.

அந்த வாரமே அவன் அம்மாவும் மகனும் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். எந்த ரூமில் வேலை, வெயில் நேரத்தில் மருந்து வேலையை எப்போது நிறுத்துவார்கள், ஆள் எத்தனை பேர் என்றெல்லாம் அவன் கேட்டானாம். "அவன் கேக்குறதுக்குப் பதில் சொல்லணுமேன்னு நான் போர்மேன்கிட்ட கேட்டேன் மதினி" என்றாள் அவள். இதுவரை யாரும் கேட்காத கேள்விகளை ஒரு களிமண் ரூம் கேட்க வைத்துவிட்டது, பாருங்கள்! பிள்ளைகளுக்கு இது வெறும் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வதாக இல்லை.

சரி, எதிர்ப்பே இல்லையா? நிறைய இருந்தது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

"மண்ணுல விளையாண்டா சளி, சொறி வரும்." சாக்கடை ஓரத்து மண்ணையோ, ஆலைக் கழிவு கொட்டுகிற இடத்து மண்ணையோ எடுத்தால் வரத்தான் செய்யும். சுத்தமான கண்மாய் மண்ணாக எடுக்க வேண்டும். கையில் புண் இருந்தால் அன்றைக்கு வேடிக்கை மட்டும். காய்ந்த மண் தூசி நெஞ்சுக்கு ஆகாது. அதனால் வேலை முடிந்ததும் விளக்குமாற்றால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். கையைக் குழாயடியில் கழுவினால் சாக்கடை அடைக்கும். ஒரு வாளியில் கழுவச் சொல்லி, அடியில் தங்கும் மண்ணைத் திரும்ப எடுத்துக்கொண்டு, மேல் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம். பளபளப்புப் பூச்சு, பெயர் தெரியாத சாயம் எதுவும் பிள்ளைகள் கையில் வேண்டாம். வெறும் மண்ணே போதும்.

"கடையில கலர் கலரா பிளாஸ்டிக் களிமண் விக்குதே, அதுல செய்யட்டுமே." செய்யட்டும். ஆனால் அது காயாது, வேகாது, நாலு நாளில் எல்லாக் கலரும் கலந்து ஒரே சாம்பல் நிறமாகி அலமாரிக்கடியில் போய்விடும். மண் அப்படியில்லை. ஊற வேண்டும், காய வேண்டும், வேக வேண்டும். காத்திருக்கப் பழக்குகிறது. பட்டனை அமுக்கினால் படம் ஓடுகிற காலத்தில் ஒரு வாரம் காத்திருக்கத் தெரிவது சின்ன விஷயமா?

"படிப்பு கெட்டுடும்." வாரத்துக்கு நாலு மணி நேரத்தில் கெட்டுப்போகிற படிப்பு என்ன படிப்பு! ஒரு பள்ளிக்கூடத்தில் இதை வாரம் ஒரு பீரியடாக வைக்க முடியுமா என்று கேட்கப் போனோம். "யூனிபார்ம் அழுக்காகும், பேரன்ட்ஸ் திட்டுவாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அழுக்கைத் துவைக்கப் போவது நாம்தானே? நாமே சரி என்று எழுதிக் கொடுத்தால் அவர்களுக்கு என்ன கஷ்டம்? மத்திய அரசின் 2020 கல்விக் கொள்கையில் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை தச்சு வேலை, மண்பாண்டம் மாதிரி கைத்தொழில்களைப் பழகவும், பத்து நாள் புத்தகப் பை இல்லாமல் உள்ளூர்க் கைவினைஞர்களிடம் போய்க் கற்கவும் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கொள்கை பற்றி நம் மாநிலத்தில் பெரிய சண்டையே நடக்கிறது, அதற்குள் நான் போகவில்லை. நல்லது எந்தப் பக்கத்தில் இருந்தாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் நம்ம வீட்டு நியாயம்.

கடைசி எதிர்ப்புத்தான் பெரியது. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் கேட்டார். "அந்தக் காலத்துல குலக்கல்வின்னு கொண்டு வந்தாங்க, அதைத்தானம்மா நீங்க திரும்பக் கொண்டு வர்றீங்க?" அவர் கேட்டதில் அர்த்தம் இருக்கிறது. 1953-இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் வீட்டில் அப்பா செய்கிற தொழிலைப் பழக வேண்டும் என்று ஒரு திட்டம் வந்தது. குயவர் மகன் பானை செய், சவரத் தொழிலாளி மகன் கத்தி பிடி என்றால், டாக்டர் மகன் மட்டும்தான் டாக்டர் ஆவானா என்று மக்கள் கொதித்துப் போனார்கள். 1954-இல் முதலமைச்சரான காமராஜர் அதை எடுத்துவிட்டார். நம்ம விருதுநகரில் பிறந்தவர். பிறகு மதிய உணவும் கொடுத்து எல்லோர் வீட்டுப் பிள்ளைகளையும் பள்ளிக்கு வரவழைத்தார். அவர் பிறந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு நான் குலக்கல்வியைக் கேட்பேனா?

நான் கேட்பது அதற்கு நேர் எதிர். வேளார் வீட்டுப் பிள்ளை மட்டும் மண்ணைத் தொட வேண்டும், மற்ற பிள்ளைகள் தொடக் கூடாது என்பதுதான் குலத்தொழில். எங்கள் வேப்ப மரத்தடியில் கடைக்காரர் மகள், பட்டாசு ஆலைக்குப் போகிறவர் மகன், வேளார் வீட்டுப் பேத்தி எல்லோரும் ஒரே சாக்கில் உட்கார்ந்து ஒரே மண்ணைப் பிசைந்தார்கள். அந்தப் பேத்தி நர்ஸ் படிக்க வேண்டும் என்கிறாள், தாராளமாகப் படிக்கட்டும். கடைக்காரர் மகளுக்குச் சக்கரம் சுற்ற ஆசையா, அவளும் சுற்றட்டும். எந்தக் கையும் எந்த வேலையையும் தொடலாம், எந்தத் தலையும் எதையும் படிக்கலாம் என்றால் அது எப்படிக் குலக்கல்வி ஆகும்? எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலில் நின்று பானையைக் கொடுத்துவிட்டுப் போகிற பாட்டியை, பிள்ளைகள் "டீச்சர்" என்று கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். தோழிகளே, எனக்கு இது ஒன்றே போதும்.

மண் வேலைக்கு மரியாதை கிடைக்கும் என்பதற்கு வெளியே நிறைய உதாரணம் இருக்கிறது. பாண்டிச்சேரியில் 1971-இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 'கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி' என்று ஒரு பட்டறை ஆரம்பித்தார்கள். அந்த அம்மாள் ஜப்பான் போய் மண்பாண்டம் கற்றவர். உள்ளூர்க்காரர்களை வைத்தே வேலை பழக்கினார்கள். 1,200 டிகிரிக்கும் மேலே சூடேற்றி, கல் மாதிரி கெட்டியாகச் சுட்டு, மேலே கண்ணாடி போன்ற பூச்சு கொடுக்கிற வேலை அது. அங்கே கற்றவர்கள் இன்று இந்தியா முழுவதும் பெயர் பெற்ற செராமிக் கலைஞர்களாக இருக்கிறார்கள். ரே மீக்கர் மண்ணாலேயே வீடு கட்டி, அந்த வீட்டையே சூளை மாதிரி உள்ளே தீ வைத்துச் சுட்டும் பார்த்தவர்! அதே புதுச்சேரியைச் சேர்ந்த சுடுமண் கலைஞர் முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

நம்ம பக்கத்துக்கே வருவோம். மானாமதுரைக் கடம் இல்லாமல் கச்சேரி உண்டா? சிவகங்கை மாவட்டத்து அந்த ஊரின் மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அங்கே கடம் செய்கிற மீனாட்சி அம்மாள் சங்கீத நாடக அகாடமி விருது வாங்கியவர். வாழ வந்த வீட்டில் கற்றுக்கொண்டு செய்தவர். பச்சை மண் குடத்தை உள்ளே கல்லைப் பிடித்து, வெளியே பலகையால் ஆயிரக்கணக்கான தடவை தட்டித் தட்டி, எந்த இடத்தில் விரல் பட்டாலும் ஒரே நாதம் வரும்படி செய்ய வேண்டும். ஒரு பக்கம் கனம் கூடினாலும் சுருதி போய்விடும். கச்சேரியில் கடம் வாசிப்பவருக்குக் கைதட்டுகிறோம். அந்தக் கடத்துக்குள் ஒரு பெண்ணின் தோள்வலி இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

சென்னைப் பக்கம் போகிறவர்கள் முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ராவுக்குப் போய்ப் பாருங்கள். குயவர் அங்கே சக்கரம் சுற்ற, பிள்ளைகளும் பக்கத்தில் உட்கார்ந்து கை வைத்துப் பார்க்கலாம். அவ்வளவு தூரம் முடியாதவர்களுக்கு நம்ம வெம்பக்கோட்டை இருக்கிறது. வைப்பாற்றங்கரை மேட்டில் 2022-லிருந்து மாநிலத் தொல்லியல் துறை தோண்டியதில் சுடுமண் பொம்மைகள், திமில் உள்ள காளை உருவம், சில்லுவட்டுகள் எல்லாம் கிடைத்தன. ராஜா, ராணி அணிந்த நகையை விட எனக்கு இந்தச் சில்லுதான் அதிசயம். உடைந்த பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்து விளையாடியிருக்கிறார்கள். நாமும் பாண்டி ஆட ஓட்டுச் சில்லுதானே தேடினோம்? பல நூறு வருஷத்துக்கு முன்னால் நம்ம மண்ணில் ஒரு பிள்ளை விளையாடியிருக்கிறது, அதன் விளையாட்டுச் சாமான் இன்னும் அழியாமல் இருக்கிறது. நம் பிள்ளைகளும் அப்படி ஒன்று செய்து வைத்துவிட்டுப் போகட்டுமே.

இதில் காசு விஷயத்தையும் மறைக்காமல் பேச வேண்டும். பெருநகரத்தில் மண் வேலை கலையாகிவிட்டது, விலை ஏறிவிட்டது. கிராமத்தில் எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் வந்த பிறகு பானைக்கு வருஷத்தில் சில மாதம்தான் வேலை. மழைக்காலத்தில் சூளையே போட முடியாது. இப்படி இருந்தால் பாட்டியோடு இந்தக் கை நின்றுவிடும். வகுப்பு எடுப்பது அவர்களுக்கு இன்னொரு வருமானம். பானை விற்காத மாதத்திலும் வித்தை விற்கலாம் அல்லவா? மண் எடுப்பதற்கும் முன்பிருந்த அலைச்சல் குறைந்திருக்கிறது. ஏரி, கண்மாய்களில் விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் கட்டணம் இல்லாமல் மண் எடுக்க, தாசில்தார் அளவிலேயே அனுமதி வாங்கலாம் என்று 2024-இல் தமிழக அரசு விதியை மாற்றியது. முன்பு கலெக்டர் ஆபீஸ் வரை நடக்க வேண்டியிருந்தது. இது தெரியாத வேளார் குடும்பங்கள் இருந்தால் நாம் எடுத்துச் சொல்லலாம். மனு எழுதத் தெரிந்த நம்மைப் போன்றவர்கள் உட்கார்ந்து எழுதியும் கொடுக்கலாம்.

தோழிகளே, நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை.

உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ மண் வேலை தெரிந்த ஒருவர் இருப்பார். தேடிப் போய்ப் பேசுங்கள். "பிள்ளைகளுக்குச் சொல்லித் தாங்க" என்று மரியாதையாகக் கேளுங்கள். பேசும்போதே சம்பளத்தையும் பேசிவிடுங்கள், "வயசானவங்க, சும்மா வந்து சொல்லித் தருவாங்க" என்று நினைக்காதீர்கள். பத்துப் பதினைந்து பிள்ளைகள் சேர்ந்தால் ஒரு வீட்டுக்கு ஒரு சினிமா டிக்கெட் காசு கூட ஆகாது.

பிள்ளைகள் செய்ததை விற்கப் பார்க்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். எங்கள் ஊரிலேயே ஒருவர் வந்து, "கார்த்திகைக்கு அகல் செய்யச் சொல்லுங்க, எண்ணிக்கைக்கு இவ்வளவுன்னு தந்துடுறேன்" என்றார். நாங்கள் எல்லோரும் ஒரே வாயாக மாட்டோம் என்றுவிட்டோம். எண்ண ஆரம்பித்தால் கட்டை அடுக்கிய கதை திரும்பி வந்துவிடும். விளக்கைப் பெரியவர்கள் செய்து விற்கட்டும், அதற்கு நல்ல விலை கொடுத்து வாங்குவோம். பிள்ளையின் கை எண்ணிக்கைக்கு இல்லை.

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தால் வாய் திறந்து கேளுங்கள். ஜூலை 15, காமராஜர் பிறந்தநாளைக் கல்வி வளர்ச்சி நாளாகப் பள்ளிகளில் கொண்டாடுகிறார்கள். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டியோடு அன்றைக்கு ஒரு மணி நேரம் எல்லாப் பிள்ளைகளும் மண் பிசையட்டும். விநாயகர் சதுர்த்திக்குக் கடையில் வாங்காமல் பிள்ளையே பிடித்த பிள்ளையாரை வைத்துக் கும்பிடுங்கள். மூக்கு கோணலாக இருந்தால் சாமி கோபித்துக்கொள்ளாது. கும்பிட்டு முடித்ததும் வாளித் தண்ணீரில் கரைத்துச் செடிக்கு ஊற்றிவிடலாம்.

நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குத் திரி கிள்ளுவது எப்படி, குழாய் சுற்றுவது எப்படி என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பார்த்தே தெரிந்துகொள்கிறார்கள். கையால் வேறு ஒன்றும் செய்யலாம், அது புகையாகப் போகாமல் நிற்கும் என்று நாம்தான் காட்ட வேண்டும். எங்கள் தெரு டி.வி. அலமாரிகளில் இப்போது கோணல் யானையும் மூன்று கால் குதிரையும் நிற்கின்றன. அந்தச் சிறுவன் வீட்டு அலமாரியில் அந்த ரூம் நிற்கிறது. சூளையில் நன்றாக வெந்து, ஒரு சுவரும் உடையாமல் வந்துவிட்டது.

உங்கள் ஊரில் இப்படி யாராவது செய்கிறீர்களா? செய்தால் இந்தப் பகுதிக்கே எழுதுங்கள். நாங்களும் கற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
எம். புதுப்பட்டி, விருதுநகர் மாவட்டம்.